மூன்று நிமிட செஸ்ஸில் நேரம் எங்கே போகிறது?

ஆன்லைன் பிளிட்ஸில், அதாவது ஆளுக்குச் சில நிமிடமே கிடைக்கும் வேக செஸ்ஸில், தோற்றவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "கை ஓடல." என் கடைக்கு வரும் பையன்களும் இதையேதான் சொல்கிறார்கள். கடலூர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், பட்டா பிரிண்ட், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் என்று காலையில் நிற்க நேரம் இருக்காது. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஈ ஓட்ட வேண்டியதுதான். என் மூன்று நிமிட ஆட்டங்கள் எல்லாம் அப்போதுதான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வந்து அவர்கள் ஆட்டத்தைத் திறந்து காட்டுவார்கள்.

இப்படிப் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கை வேகம் இல்லாமல் தோற்பவர்கள் ரொம்பக் குறைவு. எதைப் போட்டாலும் சரி என்கிற இடத்தில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, நிஜமாகவே யோசிக்க வேண்டிய இடத்தில் இரண்டு வினாடியில் காயைத் தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பிளஸ் ஒன் படிக்கிற பையன் ஒருவன். கூடுதல் வினாடி ஏதும் இல்லாத மூன்று நிமிட ஆட்டம். "அண்ணே, ஒரு யானை அதிகமா வச்சிருந்தேன், டைம் போயிடுச்சு" என்று போனை நீட்டினான். லிச்செஸ் என்கிற செஸ் தளத்தில் முடிந்த ஆட்டத்தை அலசல் பலகையில் திறந்தால் கீழே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடுத்த நேரம் வரைபடமாக வரும். இன்னொரு தளமான செஸ்.காமில் நகர்த்தல் பட்டியலின் ஓரத்திலேயே வினாடிகள் இருக்கும். பையனின் வரைபடத்தில் மூன்று கம்பம் உயரமாக நின்றது. ஏழாவது நகர்த்தலில் 19 வினாடி: ஹெச்3 கட்டத்தில் (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை) சிப்பாயை வைப்பதா, கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்வதா என்று. பதினொன்றில் 16 வினாடி. பதினாலில் ராணியை சி2-இல் வைப்பதா ஈ2-இல் வைப்பதா என்று 21 வினாடி. மூன்றும் சேர்ந்து 56 வினாடி. மொத்தக் கடிகாரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 23-ஆவது நகர்த்தலில் எதிராளி குதிரையைக் காப்பில்லாமல் விட்டிருக்கிறான். அதைப் பார்க்காமல் நம்ம ஆள் இரண்டே வினாடியில் வேறு எதையோ நகர்த்தியிருக்கிறான்.

"ஹெச்3 போட்டா என்ன, கேஸ்லிங் பண்ணா என்ன, ரெண்டும் சரிதான்டா."

"அப்ப எதைத்தாண்ணே போடறது?"

"முதல்ல எது கண்ணுல பட்டுச்சோ அது."

உங்களுக்கும் முதல் வேலை இதுதான். சமீபத்தில் தோற்ற பத்து ஆட்டங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து வினாடிக்கு மேல் எடுத்த நகர்த்தல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் உங்கள் மனதில் இருந்த இரண்டு நகர்த்தல்களையும் எஞ்சினில் (நகர்த்தலை எடைபோடும் கணினி நிரலில்) போட்டுப் பாருங்கள். மதிப்பு அரைச் சிப்பாய்க்குள், அதாவது 0.5-க்குள்தான் மாறுகிறது என்றால், அந்த யோசனை பத்து ரூபாய் ஜெராக்ஸுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை உடைத்த கதை. பத்து ஆட்டத்துக்கு இதைச் செய்தாலே உங்கள் நேரம் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஏழாவது நகர்த்தலுக்கும் பதினைந்தாவது நகர்த்தலுக்கும் நடுவில்தான். மனப்பாடம் செய்த தொடக்கம் முடிந்திருக்கும், சண்டை இன்னும் ஆரம்பித்திருக்காது.

நின்று யோசிக்க வேண்டிய இடங்கள் என்று நான் ஒப்புக்கொள்வது மூன்று. காய்கள் ஒன்றையொன்று வெட்டும் நிலையில் எதிரெதிரே நிற்கும்போது. யாராவது ஒருவர் ராஜாவைச் சுற்றிக் காய்கள் குவியும்போது. ராணியையோ கடைசி யானையையோ மாற்றிக்கொண்டு இறுதிக்கட்டத்துக்குப் போகும்போது, அதிலும் வெறும் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சப் போகிறது என்றால் கட்டாயமாக. இங்கெல்லாம் 15, 20 வினாடி போனால் போகட்டும். மற்ற இடங்களில் மூன்று வினாடிக்கு மேல் எடுத்தால் உங்களையே முறைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நேர அளவு

கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் மூன்று நிமிடமும் நகர்த்தலுக்கு இரண்டு வினாடியும் கூடுகிற 3+2 ஆடுங்கள். நாற்பது நகர்த்தல் போனால் 80 வினாடி கூடக் கிடைக்கும். ஜெயிக்கிற நிலையை ஜெயித்து முடிக்க அது போதும். கூடுதல் வினாடியே இல்லாத 3+0-இல் கடைசி பத்து வினாடியில் யார் வேகமாக மவுஸைத் தட்டுகிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். அதுவும் ஒரு திறமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் பழகினால் யானையும் ராஜாவும் வைத்துக்கொண்டு மேட் செய்யத் தெரியாமலே காலம் ஓடிவிடும்.

ஒரு நிமிட புல்லட் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். தெரிந்த விஷயத்தை வேகமாகச் செய்ய அது பழக்கும். புதிதாக எதையும் சொல்லித் தராது. தப்பும் தவறுமாக இருக்கிற பழக்கம் எல்லாம் அங்கே இன்னும் கெட்டியாகும். வாரத்தில் ஒரு நாளாவது 15+10 ஆடுங்கள். 2022 பிப்ரவரியில் 16 வயது பிரக்ஞானந்தா அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனை ஆன்லைனில் வீழ்த்தினாரே, அந்த ஆட்டமே இன்னும் அதிக நேரம் கிடைக்கும் ரேபிட்தான், பிளிட்ஸ் இல்லை. மெதுவாக ஆடும்போது கண்டுபிடிப்பதைத்தான் வேகமாக ஆடும்போது நினைவுபடுத்திக்கொள்கிறோம்.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பென்ஷன் தாள்களை ஜெராக்ஸ் எடுக்க வருவார். "இந்த வயசுல நமக்கெல்லாம் ஓடுமா தம்பி?" என்று கேட்டார். "சார், ஆனந்த் 2017-இல் ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை ஜெயிச்சப்போ அவருக்கு 48 வயசு, ஒரு ஆட்டம்கூடத் தோக்கல" என்றேன். "அவர் ஆனந்த்ப்பா" என்றார். நியாயம்தான். அவருக்கு 5+3 வைத்துக்கொடுத்தேன், சரியாக இருக்கிறது. வயதானவர்களுக்கும் இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கும் அதுவே போதும்.

தொடக்கத்தை முன்பே முடிவு செய்துவிடுங்கள்

வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். நான் பையன்களுக்குச் சொல்வது: வெள்ளையில் லண்டன் என்கிற தொடக்கம் (காய் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் சொன்னால் சிப்பாய்). டி4, பிஷப் எஃப்4-க்கு, ஈ3, குதிரை எஃப்3-க்கு, சி3, இன்னொரு பிஷப் டி3-க்கு, மற்ற குதிரை டி2-க்கு. எதிராளி என்ன செய்தாலும் முக்கால்வாசி இதே அமைப்புதான். கறுப்பில் ஈ4-க்கு எதிராக கரோ-கான்: சி6, அப்புறம் டி5, வழி இருந்தால் ஈ6-க்கு முன்னாடியே பிஷப்பை எஃப்5-க்கு வெளியே எடுத்துவிடுவது. டி4-க்கு எதிராக கிங்ஸ் இந்தியன் அமைப்பு: குதிரை எஃப்6, ஜி6, பிஷப் ஜி7, கேஸ்லிங், டி6. அலுப்பான தொடக்கங்கள் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அலுப்பாக இருப்பதால்தான் சொல்கிறேன். முதல் எட்டு நகர்த்தலை 15 வினாடிக்குள் முடித்துவிட்டால் எதிராளியைவிட அரை நிமிடம் முன்னால் இருப்பீர்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. லண்டன் ஆடுகிறவர்கள் விழுகிற குழி ஒன்று பிளிட்ஸில் திரும்பத் திரும்ப வரும். வெள்ளை டி4, கறுப்பு ஈ5 என்று சிப்பாயை நீட்டுவார். வெள்ளை வெட்டுவார். கறுப்பு குதிரையை சி6-க்கும், வெள்ளை குதிரையை எஃப்3-க்கும் கொண்டுவருவார்கள். கறுப்பு ராணி ஈ7. வெள்ளை வழக்கப்படி பிஷப்பை எஃப்4-இல் வைத்து ஈ5 சிப்பாயைக் காப்பார். இப்போது கறுப்பு ராணி பி4-க்கு வந்து செக். ஒரே நேரத்தில் எஃப்4 பிஷப்பையும் பி2 சிப்பாயையும் பார்க்கும். பிஷப் டி2-க்குப் பின்வாங்க, ராணி பி2-ஐ வெட்டும். "ராணி மாட்டிக்கிச்சு" என்று சந்தோஷமாக பிஷப்பை சி3-இல் வைத்தால் ஆட்டம் போச்சு: கறுப்பு பிஷப் பி4-க்கு வரும், வெள்ளை ராணி டி2-க்கு வந்து தாங்கினால், கறுப்பு சி3-இல் வெட்டும், ராணியால் திருப்பி வெட்டினால் கறுப்பு ராணி சி1-இல் மேட். குதிரையால் வெட்டினாலோ ஏ1 யானை போகும். பிஷப்பை விட்டுவிட்டுக் குதிரையை சி3-இல் வைத்தால் வெள்ளைக்கு அருமையான நிலை. இந்த ஒரு குதிரை நகர்த்தலை மனதில் வைத்தால் போதும், எதிராளி தன் வித்தையெல்லாம் இறக்கிவிட்டு நிற்பார்.

பிரீமூவ்

எதிராளியின் முறை நடக்கும்போதே அடுத்த நகர்த்தலைப் போட்டு வைப்பது. லிச்செஸ்ஸில் ஒரு பிரீமூவ்தான் வைக்கலாம், நேரம் எதுவும் குறையாது. செஸ்.காமில் வரிசையாக வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 வினாடி போகும்.

கவலையில்லாத பிரீமூவ் என்றால் திருப்பி வெட்டுவதுதான். உங்கள் குதிரையை அவர் வெட்டப் போகிறார் என்று தெரிகிறது. அதைக் காக்கும் சிப்பாயை எடுத்து உங்கள் குதிரை நிற்கும் கட்டத்தின் மேலேயே போட்டு வையுங்கள். அவர் வெட்டினால் உடனே திருப்பி வெட்டும். வெட்டாமல் வேறு எதையாவது செய்தால், சொந்தக் காயின் மேல் காய் வைக்க முடியாது என்பதால் பிரீமூவ் தானாகவே ரத்து. செக்கிலிருந்து ராஜாவுக்கு ஒரே வழிதான் இருக்கும் என்றாலும் போட்டு வைக்கலாம்.

ஆபத்தானது தொடக்கத்தில் பழக்கதோஷத்தில் வைக்கிற பிரீமூவ். லண்டன் ஆடுகிறவர் டி4 போட்டுவிட்டு பிஷப் எஃப்4 என்று பிரீமூவ் வைத்தால், மேலே சொன்ன ஈ5 வந்த அடுத்த நொடி பிஷப் தானாகப் போய் சிப்பாயின் வாயில் உட்காரும். கறுப்பில் முதல் நகர்த்தலிலேயே ஜி6 போட்டுவிட்டு பிஷப் ஜி7 என்று பிரீமூவ் வைப்பவர்களுக்கென்றே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. வெள்ளை டி4-க்கு அப்புறம் பிஷப்பை நேராக ஹெச்6-க்கு அனுப்பும். பிரீமூவ் இல்லையென்றால் அந்த பிஷப்பை இலவசமாக வெட்டலாம். பிரீமூவ் இருந்தால் உங்கள் பிஷப் ஜி7-க்கு நகர்ந்துவிடும், அவர் அதை வெட்டுவார், மூலையில் இருக்கிற யானைக்கு ஓட இடமும் இருக்காது.

தொங்கும் காய்கள்

பிளிட்ஸில் பாதி ஆட்டம் யாரும் காக்காத காய்களால்தான் முடிகிறது. எதிராளி நகர்த்தியதும் எல்லோரும் கேட்டுக்கொள்கிற கேள்வி: "அந்தக் காய் இப்ப எதைத் தாக்குது?" இது போதாது. "அந்தக் காய் எதைக் காக்காம விட்டுட்டு வந்துச்சு?" என்பதையும் கேட்க வேண்டும். பிளஸ் ஒன் பையன் 23-இல் தவறவிட்ட குதிரை இப்படித்தான். அதைக் காத்துக்கொண்டிருந்த ராணி ஒரு செக் கொடுக்க ஆசைப்பட்டுக் கிளம்பிவிட்டது. இவன் செக்கைத் தடுத்தான், அடுத்த நகர்த்தலிலும் குதிரையைப் பார்க்கவில்லை. இரண்டாவது கேள்வியைப் பழக்கப்படுத்தினாலே ரேட்டிங் கொஞ்சம் ஏறும் என்பது என் அனுபவம்.

கண்ணுக்குப் பழக வேண்டிய வடிவங்கள் அதிகம் இல்லை. சி7-இல் குதிரை விழுந்து ஈ8 ராஜாவையும் ஏ8 யானையையும் ஒன்றாகப் பிடிப்பது. கடைசி வரிசையில் மூச்சுவிட ஓட்டையில்லாத ராஜாவுக்கு யானையால் மேட். வெள்ளை ராணி ஏ4-க்கு வந்து ஈ8 ராஜாவுக்குச் செக் கொடுத்துக்கொண்டே, அதே நாலாவது வரிசையில் ஜி4-இல் அனாதையாக நிற்கும் பிஷப்பை எடுப்பது. கறுப்புக்கு அதே வித்தை ஏ5-இலிருந்து, ஜி5 பிஷப்பின் மேல். இவற்றைப் பழக லிச்செஸ்ஸின் பசில் ஸ்டார்ம் நல்லது. மூன்று நிமிடத்தில் முடிந்தவரை புதிர்கள், எளியதிலிருந்து தொடங்கும். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று போதும். முடிந்ததும் தவறிய புதிர்களைக் கட்டாயம் திரும்பப் போடுங்கள், ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடினால் அது வெறும் விளையாட்டு. கடினமான புதிர்களை அரை மணி நேரம் முறைத்துப் பார்ப்பது வேறு வகைப் பயிற்சி. பிளிட்ஸுக்கு எளிய புதிரை ஒரு நொடியில் பார்ப்பதுதான் உதவும்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸிலேயே பிளிட்ஸ் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ரெட்டிச்சாவடியில் பிரேக் போட்டால் விரல் வேறு கட்டத்தில் விழும். பஸ்ஸுக்கு பசில் ஸ்ட்ரீக் இருக்கிறது. அதில் கடிகாரம் கிடையாது, ஒரு தப்பு வரும்வரை போய்க்கொண்டே இருக்கலாம். தவளக்குப்பம் வருவதற்குள் மூளை சூடாகிவிடும்.

முடிக்கத் தெரிய வேண்டும்

யானை, ராஜா வைத்து ஒற்றை ராஜாவை மேட் செய்ய, சரியாக ஆடினால் எந்த நிலையிலிருந்தும் 16 நகர்த்தலுக்குள் முடியும். ராணி என்றால் பத்துக்குள். ஆனால் பத்து வினாடி இருக்கும்போது அது நினைவுக்கு வர வேண்டுமே. லிச்செஸ்ஸில் கணினியோடு ஆடும்போது நாமே நிலையை அடுக்கித் தொடங்கலாம். யானையும் ராஜாவும் வைத்து, கடிகாரம் ஒரு நிமிடம் வைத்து, தினம் ஒரு தடவை முடியுங்கள்.

யானை மேட்டில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான். எதிரி ராஜா உங்கள் ராஜாவுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு கட்டம் விட்டு வந்து நிற்கும்போது பக்கவாட்டிலிருந்து யானையால் செக் கொடுக்க வேண்டும், அவர் ஒரு வரிசை பின்னால் போவார். நேர் எதிரே இல்லாமல் குதிரைத் தூரத்தில் ஒதுங்கி நின்றால் செக் கொடுக்காதீர்கள். யானை மறித்து நிற்கும் வரிசையிலேயே அதை ஒரு கட்டம் நகர்த்திவிட்டுச் சும்மா இருங்கள், அவரே எதிரே வந்து நிற்க வேண்டியிருக்கும். இந்தச் சும்மா இருப்பது புரிந்ததும் எட்டு வினாடியில்கூட முடிக்க வரும்.

ராணி இருந்தால் ஸ்டேல்மேட் பயம்: செக் இல்லாமலே எதிராளிக்கு நகர்த்த வழியில்லாமல் போனால் ஆட்டம் டிரா. கடைசி நொடிகளில் ராணியைப் பிரீமூவ் செய்வதானால் செக் கொடுக்கும் நகர்த்தலாகத் தேர்ந்தெடுங்கள். அதோடு, உங்கள் நேரம் தீர்ந்தாலும் எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் ஆட்டம் டிரா. தோற்கிற நிலையில் நேரமும் போகிறது என்றால் அவரிடம் ராஜாவோடு மிஞ்சியிருக்கும் ஒரே சிப்பாயை எதைக் கொடுத்தாவது வெட்டிவிடுங்கள், அரைப் புள்ளி மிஞ்சும்.

மவுஸ், நெட், கரண்ட்

இது சின்ன விஷயம், சட்டென்று சொல்லிவிடுகிறேன். அமைப்புகளில் காய் நகரும் அனிமேஷனை நிறுத்துங்கள். சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் தானாக ராணியாகும்படி வையுங்கள். சாட்டை மூடுங்கள். போனில் ஆடினால் தொந்தரவு செய்யாதே முறையைப் போடுங்கள். லோன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்பு சரியாக மேட்டுக்கு ஒரு நகர்த்தல் முன்னால்தான் வரும். கம்பி மவுஸ் நல்லது. லிச்செஸ்ஸின் சர்வர் பிரான்ஸில் இருக்கிறது (புதுச்சேரி நண்பர்கள் இதிலும் சொந்தம் கொண்டாடுவார்கள்). தாமதத்தை அவர்கள் ஓரளவு ஈடுகட்டிக் கொடுக்கிறார்கள் என்றாலும், நம் பக்கம் வைஃபை திணறினால் அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? யுபிஎஸ் இருந்தால் மோடத்தையும் அதிலேயே செருகுங்கள். கம்ப்யூட்டர் ஓடும், நெட் போயிருக்கும் என்கிற கூத்து மழைக்காலத்தில் எங்கள் ஊரில் சகஜம். ஈபி மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்ட நாளில் போட்டி எதற்கும் பெயர் கொடுக்காதீர்கள்.

தொடர்ந்து இரண்டு தோல்வி வந்தால் எழுந்துவிட வேண்டும். மூன்றாவது ஆட்டத்தை ஆடுவது நீங்கள் இல்லை, உங்கள் கோபம். மறு ஆட்டப் பொத்தானை அழுத்துவதற்குப் பதில் தோற்ற ஆட்டத்தின் நேர வரைபடத்தைத் திறந்து அந்த உயரமான கம்பங்களைப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. லிச்செஸ் ரேட்டிங்கையும் செஸ்.காம் ரேட்டிங்கையும் ஒப்பிட்டுக் கவலைப்படவும் வேண்டாம், இரண்டும் வேறு வேறு கணக்கு.

3+2-இலிருந்து 3+0-க்கு எப்போது மாறலாம் என்று பையன்கள் கேட்பதுண்டு. தொடர்ந்து ஆடுகிற ஆட்டங்களில் முப்பதாவது நகர்த்தலின்போது உங்கள் கடிகாரம் ஒரு நிமிடத்துக்குக் கீழே இறங்காமல் இருந்தால் மாறிப் பாருங்கள். இறங்கினால் இன்னும் கொஞ்ச நாள் 3+2-வே இருக்கட்டும்.